செக்யூரிட்டிக்குச் சொல்லித்தராத பாடம்: சரக்கு எந்த வழியாகக் குறைகிறது?

2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை. சென்னை அரும்பாக்கத்தில் ஒரு நகைக்கடன் கிளைக்குள் பட்டப்பகலில் புகுந்து சுமார் 32 கிலோ தங்க நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கும்பலை நடத்தியவர் அதே நிறுவனத்தின் ஊழியர். வாசல் காவலருக்கு மயக்க மருந்து கலந்த குளிர்பானம் கொடுக்கப்பட்டது விசாரணையில் தெரியவந்தது. பகல் நேரம், தெரிந்த முகம், தன்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவர் அன்பாக நீட்டுகிறார். எத்தனை பேர் வேண்டாம் என்று சொல்வார்கள்?

அந்தக் காவலரின் கவனக்குறைவு என்று இதை முடித்துவிடலாம். ஆனால் டூட்டியில் இருக்கும்போது நிறுவனத்து ஆள் கையிலிருந்தும் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது, மேலதிகாரி என்றாலும் உள்ளே விடும் முன் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றெல்லாம் நம் ஊரில் எந்தக் காவலருக்கு யார் உட்கார்ந்து சொல்லித்தருகிறார்கள்? வெளியாளைத் தடுக்கத்தான் அவரை நிறுத்துகிறோம். பொருளோ பெரும்பாலும் உள்ளாட்களைக் கொண்டோ, உள்வழியாகவோ போகிறது. இழப்புத் தடுப்புப் பயிற்சி என்று வெளிநாடுகளில் தனித் துறையாகவே வளர்ந்திருப்பது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

சட்டப்படி பார்த்தால் பயிற்சி கட்டாயம். 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், பயிற்சி முடிக்காதவரைக் காவலராக அமர்த்தக் கூடாது என்கிறது. வயது 18 முதல் 65-க்குள். 2006-இல் வந்த மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி, அதுவும் குறைந்தது 20 வேலைநாட்களில் பரவியிருக்க வேண்டும் என்று வகுத்தன. முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் சலுகை உண்டு: 40 மணி வகுப்பு, 16 மணி களம், 7 நாட்கள் போதும். ஆண் காவலர் 160 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும், 1 கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும் என்றுகூட இருக்கிறது. 12 மணி நேர டூட்டி முடித்து, ரிலீவர் வராததால் அப்படியே அடுத்த ஷிஃப்டையும் பார்க்கும் 58 வயதுக்காரரிடம் இந்த ஓட்டக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பாடத்திட்டத்தில் என்ன இருக்கிறது? சீருடை அணியும் முறை, உடற்பயிற்சி, கட்டடப் பாதுகாப்பு, தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் சரிபார்ப்பது, வெடிகுண்டை அடையாளம் காண்பது, முதலுதவி, எஃப்.ஐ.ஆர். பதியும் நடைமுறை, ராணுவ, போலீஸ் பதவிச் சின்னங்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் எழுதியவர்களின் கண்முன்னே நின்றது வெளியிலிருந்து வரும் ஆபத்து என்பது படிக்கும்போதே புரிந்துவிடும். டெலிவரி சலானை எப்படிப் படிப்பது, ரத்து செய்த பில் என்றால் என்ன, சரக்கு எண்ணும்போது எங்கே ஏமாறுவோம் என்பதற்கெல்லாம் தனித் தலைப்பு இல்லை. 'சொத்துப் பாதுகாப்பு' என்ற இரண்டு சொல்லுக்குள் ஆசிரியர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். அந்த 160 மணி நேரம் முழுசாக நடக்கிறதா என்பது அதற்கு முந்தைய கேள்வி. சட்டை அளவு கேட்டு, தொப்பியைக் கையில் கொடுத்து, மறுநாள் காலையே பாயிண்டில் நிறுத்தும் ஏஜென்சிகளை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இழப்பு என்று சில்லறை வணிகத்தில் சொல்வது ஒரு கணக்கு வித்தியாசத்தை. கம்ப்யூட்டரில் 100 சோப்பு இருக்க வேண்டும், எண்ணிப் பார்த்தால் 96. அந்த நாலு எங்கே? வாடிக்கையாளர் பையில் போட்டிருக்கலாம். ஊழியர் எடுத்திருக்கலாம். வந்த சரக்கே 96-ஆக இருந்து, 100 என்று கையெழுத்துப் போட்டிருக்கலாம். அல்லது யாருமே எடுக்கவில்லை; கவுன்டரில் ரோஸ் சோப்புக்குப் பதில் சந்தன சோப்பின் பார்கோடை நாலு தடவை அடித்துவிட்டார்கள், அங்கே நாலு கூடுதலாக இருக்கும். நாலுக்கும் விடை வேறு, தடுக்கும் வழியும் வேறு. முதல் ஒன்றுக்கு மட்டும் ஆள் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் அவர் தலையில் கட்டுவதுதான் நம் வழக்கம்.

அமெரிக்காவில் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு நடத்திய கணக்கெடுப்பில் 2022 நிதியாண்டின் சராசரி இழப்பு விற்பனையில் 1.6 சதவீதம், தொகையாக 11,210 கோடி டாலர். அதில் வெளியாட்கள் திருட்டு 36 சதவீதம், ஊழியர் திருட்டு 29 சதவீதம், நடைமுறைக் கோளாறுகள் 27 சதவீதம். உள்ளேயே நடப்பவை இரண்டையும் கூட்டினால் பாதியைத் தாண்டுகிறது. ஆனால் இந்தத் துறை தன் எண்களைத் தானே ஊதிப் பெருக்கவும் செய்யும். அதே கூட்டமைப்பு, அதற்கு முந்தைய ஆண்டின் 9,450 கோடி டாலர் இழப்பில் ஏறக்குறைய பாதி திட்டமிட்ட கும்பல்களின் வேலை என்று சொல்லியிருந்ததை 2023 டிசம்பரில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வால்கிரீன்ஸ் மருந்துக்கடைச் சங்கிலியின் நிதித் தலைவரும் அதே ஆண்டு ஜனவரியில், திருட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே புலம்பிவிட்டோமோ என்ற தொனியில் முதலீட்டாளர்களிடம் பேசினார். காவலர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பயமுறுத்தும் எண்ணை நம்பினால் தடியான ஆட்களைத்தான் தேடுவோம், எண்ணத் தெரிந்தவரைத் தேட மாட்டோம்.

சரி, எண்ணத் தெரிந்தவர் என்ன செய்வார்? ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசலுக்குப் போவோம். வாடிக்கையாளர் பார்க்கவே பார்க்காத இடம். விடியற்காலை லாரி வந்து நிற்கிறது. முதல் வேலை, கதவில் உள்ள சீலின் எண்ணை இன்வாய்ஸில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுவது. பிறகுதான் சீலை உடைக்க வேண்டும். டிரைவர் தானே உடைத்துவிட்டு "அண்ணே, சீல் இதோ இருக்கு பாருங்க" என்று கையில் கொடுத்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே போச்சு. அடுத்து, பெட்டிகளை இறக்கும்போதே எண்ண வேண்டும். இறக்கி அடுக்கிய பிறகு நீள அகல உயரத்தைப் பெருக்கி எண்ணுவது எல்லோரும் செய்வது. ஏமாற்றுபவருக்கு வசதியானதும் அதுதான். நடுவில் நாலு பெட்டிக்கான இடத்தைக் காலியாக விட்டுச் சுற்றிலும் அடுக்கினால் வெளியிலிருந்து கணக்குச் சரியாகவே இருக்கும். பெட்டியின் மேல் டேப்பைப் பார்ப்பதோடு நிற்காமல் அடியையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மேலே கம்பெனி பெயர் அச்சடித்த டேப், அடியில் வெறும் பழுப்பு டேப் என்றால் அதைத் தனியே எடுத்து வைத்துப் பிரிக்கச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் நடுவே "அடுத்த கடைக்கு லேட் ஆகுது, கையெழுத்தப் போடுங்கண்ணே" என்று ஒருவர் நச்சரித்துக்கொண்டே இருப்பார். அவசரம் உண்மையாகவும் இருக்கலாம், உத்தியாகவும் இருக்கலாம். எதுவானாலும் எண்ணி முடித்த பிறகுதான் பேனா எடுக்க வேண்டும் என்பதை ஒத்திகை பார்த்துப் பழக்கினால் ஒழிய, வகுப்பில் சொல்லி வராது.

வரும் லாரியைவிடப் போகும் குப்பையில் கண் வைப்பது இன்னும் முக்கியம். காலி அட்டைப்பெட்டிகளை மடக்கிக் கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள். அந்தக் கட்டின் நடுவில் என்ன இருக்கிறது? கறுப்புக் குப்பைப் பையை யார், எந்த நேரத்தில் வெளியே கொண்டுபோகிறார்? காலாவதியான சரக்கு என்று எழுதி ஒதுக்கியதை நசுக்கி அழித்தார்களா, அப்படியே போனதா? காலி கிரேட்டுகள் எத்தனை வந்தன, எத்தனை திரும்பின? பழுதுபார்க்க வெளியே போன பில்லிங் மெஷின் திரும்பி வந்ததா? திரும்பி வர வேண்டிய பொருட்களுக்கான கேட் பாஸ் புத்தகத்தை எந்த நிறுவனத்தில் புரட்டினாலும், போன தேதி அழகாக எழுதியிருக்கும், வந்த தேதிக்கான கட்டம் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். மாதம் ஒருமுறை அந்தக் காலிக் கட்டங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி மேலே அனுப்பும் காவலர், வாசலில் சல்யூட் அடிப்பவர் பத்துப் பேருக்குச் சமம்.

பதிவேடு எழுதுவதே ஒரு பயிற்சி. இரவு ரோந்துப் பதிவேட்டில் 12.00, 1.00, 2.00, 3.00 என்று ஒரே மையில் ஒரே சாய்வில் இருந்தால், விடியற்காலை உட்கார்ந்து மொத்தமாக எழுதியது என்று யாரும் சொல்லிவிடுவார்கள். உண்மையான ரோந்து 12.07, 1.20, 1.50 என்று கோணல்மாணலாகத்தான் இருக்கும். அப்படி இருப்பதுதான் பாதுகாப்பும்கூட. நேரம் தவறாமல் மணிக்கொருமுறை சுற்றும் காவலரைப் போலத் திருடனுக்கு உதவி செய்பவர் வேறு யாருமில்லை.

ரோந்து எந்தப் பக்கம் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. 2019 அக்டோபர் 2 அதிகாலை திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரில் துளை போட்டு, பொம்மை முகமூடி அணிந்த இருவர் சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை எடுத்துப் போனார்கள். இரண்டு வருடம் கழித்து, 2021 டிசம்பரில் வேலூரில் இன்னொரு நகைக்கடை. மறுபடியும் பின்சுவரில் துளை, மறுபடியும் முகமூடி, போனது ஏறக்குறைய 16 கிலோ தங்கம். பிறகு அது ஒடுகத்தூர்ப் பக்கம் சுடுகாட்டில் புதைத்த இடத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. முதல் சம்பவம் ஊரெல்லாம் பேசப்பட்ட பிறகும் இரண்டாவது நடந்தது. கடைகளில் காவல் முன்பக்கம் ஷட்டரைப் பார்த்து நிற்கிறது. பக்கத்து மனையின் காலி இடம், கட்டட வேலை நடக்கும் சந்து, ஏசி குழாய் போகும் ஓட்டை ஆகியவற்றைக் காவலரோடு ஒருமுறை நடந்து பார்த்து, "இங்கே உன் டார்ச் விழ வேண்டும்" என்று காட்டினால் அரை மணி நேரப் பயிற்சி. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இனி பில்லிங் கவுன்டர். கேஷியருக்கு வேண்டியவர் வந்தால் ஒன்பது பொருளில் ஆறை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, மீதி மூன்றைக் கையால் மறைத்து நகர்த்துவது உலகம் முழுக்க நடக்கும் பழைய தந்திரம். வாடிக்கையாளர் பில் வாங்காமல் போனதும் அதை ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைக் கணினி அறிக்கையில்தான் பிடிக்க முடியும். முதலாவதைப் பிடிக்கும் வாய்ப்பு, வெளிவாசலில் பில்லில் ஓட்டை போடும் காவலருக்கு இருக்கிறது. ஆனால் அவர் பார்ப்பது பில்லை, பையை அல்ல. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பை முழுவதையும் சரிபார்க்கச் சொல்வது அபத்தம். பில்லின் கடைசியில் உள்ள மொத்த எண்ணிக்கை, அதில் விலை அதிகமான ஒரு பொருள், இந்த இரண்டை மட்டும் பையோடு ஒப்பிடு என்று பழக்கினால் ஐந்து விநாடிதான் ஆகும். கேஷியரும் வாசல் காவலரும் மாதக்கணக்கில் ஒரே ஜோடியாக நிற்காமல் பாயிண்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்து டீ குடிப்பவரின் பில்லை யாரும் சந்தேகத்தோடு பார்ப்பதில்லை.

பயிற்சியில் அதிக நேரம் எடுக்க வேண்டியது ஆளைப் பிடிக்கும் விஷயத்துக்கு. இங்கே சட்டம் 2024 ஜூலை 1 முதல் மாறியிருக்கிறது. பல ஏஜென்சிகளின் பாட நோட்டு இன்னும் மாறவில்லை. பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, அதே சமயம் போலீஸ் தானாகவே நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றத்தைச் செய்பவரை எந்தக் குடிமகனும் பிடித்து வைக்கலாம்; ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். காவலருக்கென்று கூடுதல் அதிகாரம் ஏதும் இல்லை, சீருடை போட்ட குடிமகன்தான் அவர். பாரதிய நியாய சம்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303-ஆவது பிரிவில், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல்முறை திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தண்டனை சமூக சேவை. 5,000-க்குக் கீழான அந்தத் திருட்டு ஜாமீனில் விடக்கூடியது, போலீஸ் தானாக வழக்கெடுக்க முடியாதது என்று அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அதாவது ஷாம்பு பாட்டிலோடு பிடிபட்டவரை ஸ்டோர் ரூமில் உட்கார வைக்க 40-ஆவது பிரிவு உதவாமல் போகலாம். கடை என்பது பொருளைக் காத்து வைக்கும் கட்டடம், ஆகவே 305-ஆவது பிரிவு பொருந்தும், அதற்கு மதிப்பு வரம்பு கிடையாது என்று போலீஸ் முடிவெடுக்கவும் கூடும். எந்தப் பிரிவு பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடட்டும். வாசலில் நிற்பவர் அந்த வாதத்தில் தன் வேலையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. தவறாக ஒருவரை அடைத்து வைத்தால் 127-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை.

அப்படியென்றால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டுமா? இல்லை. திருட்டிலிருந்து பொருளைக் காக்கும் தற்காப்பு உரிமை முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்ததுபோலவே இப்போதும் இருக்கிறது. பொருளைத் திரும்பக் கேட்கலாம், தன் கடைப் பொருளை மீட்கலாம். கடைக்கு வேண்டியதும் பெரும்பாலும் பொருள்தானே, ஆள் அல்ல. அமெரிக்கக் கடைகளில் ஒருவரைத் தடுத்து நிறுத்த ஆறு படிகளை வரிசையாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று பழக்குவார்கள்: அலமாரிக்கு வந்தார், எடுத்தார், ஒளித்தார், அதன் பிறகு ஒரு கணமும் கண்ணை விட்டு மறையவில்லை, பணம் கட்டாமல் கவுன்டரைத் தாண்டினார், அதன் பிறகுதான் நெருங்குவது. நடுவில் ஒரு நிமிடம் தூணுக்குப் பின்னால் மறைந்தாலும் விட்டுவிட வேண்டும். பொருளை வேறு ரேக்கில் போட்டிருக்கலாம். இதன் நோக்கம் திருடனைப் பிடிப்பதைவிட, நிரபராதியைத் தொடாமல் இருப்பது.

அதையும்விட எளிய வழி ஒன்று எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் தெரியும். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இடம் வலமாகப் பார்ப்பவர் அருகில் போய், "என்ன சார் தேடுறீங்க, கூடை வேணுமா?" என்று கேட்பது. நிஜ வாடிக்கையாளருக்கு அது உபசாரம். மற்றவருக்குத் தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்ற செய்தி. யாரிடம் கேட்பது என்பதில்தான் நம் ஊர் வியாதி வெளிப்படும். அழுக்குச் சட்டை, கைலி, நரிக்குறவர் பெண்மணி என்றால் பின்னாலேயே போவார்கள். பிராண்டட் பை மாட்டியவர் பக்கம் திரும்ப மாட்டார்கள். உடையைப் பார்க்காதே, கையைப் பார் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்களைச் சோதிக்க வேண்டிய நிலை வந்தால் பெண் காவலர் மட்டுமே. அடிப்பது, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது, கழுத்தில் அட்டை மாட்டி நிறுத்துவது எதுவும் கூடாது. பிடிபட்டவரைக் கூட்டத்திடமிருந்து காப்பதும் காவலரின் வேலை. 2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் அரிசி, உணவுப்பொருள் திருடியதாகச் சொல்லி அடித்ததில் பழங்குடி இளைஞர் ஒருவர் இறந்தார். 2023-இல் 14 பேர் குற்றவாளிகள் என்று மண்ணார்க்காடு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் கடுமையாக இருப்பது வேறொரு பக்கம்: முதலாளியின் பொருளை ஊழியரே திருடினால் 306-ஆவது பிரிவு, ஏழாண்டு வரை சிறை. அதற்கு 5,000 ரூபாய்ச் சலுகை எழுதப்படவில்லை.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்தும் பலன் இல்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தம். கடையில் இழப்பு ஏற்பட்டால் அந்தத் தொகையை ஏஜென்சியின் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரி இருக்கும். ஏஜென்சி அதை அப்படியே காவலர் சம்பளத்தில் இறக்கும். ஒருவரிடம் வெளிப்படையாக ஒப்படைத்த பொருள் அவருடைய கவனக்குறைவால் நேரடியாகப் போயிருந்தால்தான், அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான், பிடித்தம் செய்யலாம் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதிய வழங்கல் சட்டமே சொன்னது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வாசலில் நிற்பவரிடம் யாரும் சோப்புப் பெட்டியை எண்ணி ஒப்படைப்பதில்லை. இருந்தும் பிடிக்கிறார்கள். பிடித்த மறுமாதத்திலிருந்து அந்தக் காவலர் உடைந்த சீலைப் பார்த்தாலும் சொல்ல மாட்டார். சொன்னால் இழப்பு நடந்தது பதிவாகும், பதிவானால் தன் சம்பளம் குறையும். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் காவலர் ஒவ்வொருவரின் பயிற்சிச் சான்றிதழ் நகலையும், 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசர் என்று மாதிரி விதிகள் சொன்ன கணக்கையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம். குறைந்த ரேட் கொடுத்தவருக்கே டெண்டர் என்பவர்கள் கேட்க மாட்டார்கள்தான்.

இன்னொன்றும் எழுதிக் கேட்க வேண்டும். காவலர் சந்தேகப்பட்டதை யாரிடம் சொல்வது? இப்போது பெரும்பாலான கடைகளில் ஸ்டோர் மேனேஜரிடம். பின்வாசல் சாவி அவரிடம், பில்லை ரத்து செய்யும் பாஸ்வேர்டு அவரிடம், காவலரை நாளைக்கே மாற்றச் சொல்லும் அதிகாரமும் அவரிடம். காவலர் மேசையில் ஒட்டியிருக்கும் போன் நம்பரை எடுப்பவர் அந்தக் கிளையின் சம்பளப் பட்டியலில் இல்லாதவராக இருக்க வேண்டும். மேனேஜரின் காரையும் டிக்கியைத் திறந்து பார்க்கலாம் என்று அந்த நபர் எழுத்தில் கொடுத்து, முதல் வாரம் தன் காரையே முதலில் திறந்து காட்டினால், வகுப்பில் படித்த மற்றதெல்லாம் அந்த வாசலில் வேலைசெய்ய ஆரம்பிக்கும்.